லேசர் அடிச்சா புரோட்டான் பாயும்... ஆனா சொன்ன ‘ஷேப்’ல பாயுமா? புற்றுநோய் சிகிச்சையை மாற்றப்போகும் ஆராய்ச்சி எங்கே நிற்கிறது?

மறைமலை நகர் காமராஜர் ரயில் நிலையத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, வேளச்சேரி பக்கம் பஸ் பிடித்தால் தரமணி வந்துவிடும். அங்கே ஒரு மருத்துவமனைக்குள் 220 டன் எடையுள்ள ஒரு இயந்திரம் இருக்கிறது. அதன் வேலை, கண்ணுக்கே தெரியாத புரோட்டான்களை வேகப்படுத்தி புற்றுநோய்க் கட்டி மீது செலுத்துவது. இந்தியாவில் இந்த வசதி உள்ள மருத்துவமனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குப் பதிலா, ஒரு அறைக்குள் அடங்குற லேசரை வைத்து அதே புரோட்டான்களை உருவாக்க முடியாதா? உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் 25 வருஷமா கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. ‘முடியும்’ என்ற பதில் 2000-ம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை எந்த மருத்துவமனையிலும் அந்த லேசர் இயந்திரம் சிகிச்சைக்கு வரவில்லை.

காரணம் வேகக் குறைவு மட்டும் இல்லை. லேசரில் இருந்து வரும் புரோட்டான் கற்றையின் வடிவத்தை, அதாவது ‘ஷேப்’பை, கட்டுக்குள் வைப்பதுதான் பெரிய சவால். அது ஏன் இவ்வளவு கஷ்டம்? விஞ்ஞானிகள் என்னென்ன வழிகளில் முயற்சி செய்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், புரோட்டானுக்கு ஏன் இந்த மவுசு?

புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அணுவின் கரு. நம் உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ரெண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. அந்த அணுவில் இருந்து எலக்ட்ரானை உருவிவிட்டால் மிஞ்சுவது புரோட்டான்.

வழக்கமான கதிரியக்க சிகிச்சையில் எக்ஸ் கதிர் பயன்படுகிறது. எக்ஸ் கதிர் உடம்புக்குள் நுழைந்து, கட்டியைத் தாண்டி, மறுபக்கம் வெளியேறிவிடும். போகிற வழியில் இருக்கும் நல்ல திசுக்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக பாதிப்பு உண்டு. பல திசைகளில் இருந்து செலுத்தி இதைப் பெருமளவு குறைக்கிறார்கள். ஆனால் முழுசா தவிர்க்க முடியாது.

புரோட்டான் வேற மாதிரி. உள்ளே நுழையும்போது குறைவான ஆற்றலையே விட்டுச் செல்லும். வேகம் குறையக் குறைய அதிகமாக விடும். நிற்கப்போகும் கடைசி சில மில்லிமீட்டரில் மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதைத் தாண்டி கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. இந்த உச்சப் புள்ளிக்கு ‘பிராக் உச்சம்’ என்று பெயர். இயற்பியலாளர் வில்லியம் ஹென்றி பிராக் கண்டறிந்ததால் அந்தப் பெயர் வந்தது.

இதை சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-ல் முன்மொழிந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன். 1954-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முதன்முதலாக நோயாளிகளுக்கு இந்த சிகிச்சை அளிக்கப்பட்டது. 1990-ல் அதே மாகாணத்தின் லோமா லிண்டாவில், ஆய்வுக்கூடமாக இல்லாமல் மருத்துவமனையாகவே ஒரு மையம் திறக்கப்பட்டது.

எவ்வளவு ஆழம் போகும்?

புரோட்டானின் ஆற்றலை ‘மெகா எலக்ட்ரான் வோல்ட்’ என்ற அலகில் அளக்கிறார்கள். சுருக்கமாக எம்இவி. ஆற்றல் கூடினால் ஆழமும் கூடும். தண்ணீரில் தோராயமான கணக்கு இதுதான்:

- 70 எம்இவி: சுமார் 4 சென்டிமீட்டர். கண்ணில் வரும் கட்டிகளுக்கு இதுவே போதும்.
- 100 எம்இவி: சுமார் 7.7 சென்டிமீட்டர்.
- 150 எம்இவி: சுமார் 16 சென்டிமீட்டர்.
- 230 எம்இவி: சுமார் 33 சென்டிமீட்டர். உடம்பின் எந்த ஆழத்துக்கும் போய்விடலாம்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். 150 எம்இவி புரோட்டானின் ஆற்றலில் வெறும் 1 சதவீதம் மாறினால், அது நிற்கும் இடம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டி என்றால், 3 மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை. மொத்தக் கதையும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

தரமணியில் இருப்பது என்ன?

தரமணியில் உள்ள அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் இதுதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐபிஏ நிறுவனத்தின் ‘சைக்ளோட்ரான்’ இங்கே இயங்குகிறது. மூன்று சிகிச்சை அறைகள் உண்டு. மும்பை அருகே கார்கரில் டாடா நினைவு மையத்தின் புரோட்டான் சிகிச்சை மையம் 2023-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

சைக்ளோட்ரானில் புரோட்டான்கள் ஒரு பெரிய காந்தத்துக்குள் வட்டமடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறும். கடைசியில் 230 எம்இவி ஆற்றலோடு ஒரு குழாய் வழியாக வெளியே வரும். அந்தக் குழாயில் இருந்து நோயாளியைச் சுற்றிச் சுழலும் ‘கேன்ட்ரி’ என்ற அமைப்புக்குப் போகும். அதன் உயரமே மூன்று மாடி இருக்கும்.

இங்கே புரோட்டான் கற்றை ஏற்கனவே ஒழுங்காகவே வருகிறது. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வேகம், ஒரே திசை. எனவே காந்தங்களை வைத்து அதைப் பென்சில் முனை மாதிரி ஒடுக்கி, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப புள்ளி புள்ளியாக வரைகிறார்கள். ஆழமான அடுக்கை முதலில் வரைவார்கள். பிறகு ஆற்றலைக் குறைத்து அதற்கு முன்னால் உள்ள அடுக்கு. கோலம் போடுற மாதிரிதான். முதலில் புள்ளி, அப்புறம் வரிசை, கடைசியில் முழு வடிவம்.

அந்தக் கோலத்துக்கு மாவு சீராக விழ வேண்டும். சைக்ளோட்ரானில் விழுகிறது. லேசரில்தான் பிரச்னை.

லேசர் எப்படி புரோட்டானைத் தள்ளும்?

லேசர் என்பது வெளிச்சம்தானே, அது எப்படி அணுக்கருவைப் பிடித்துத் தள்ளும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையில் லேசர் புரோட்டானை நேரடியாகத் தள்ளுவது இல்லை. நடுவில் எலக்ட்ரான் என்ற ஆள் வருகிறார்.

தலைமுடியை விட மெல்லிய ஒரு உலோகத் தகட்டின் மீது லேசர் துடிப்பைக் குவிக்கிறார்கள். இந்தத் துடிப்பு வெறும் 30 ஃபெம்டோ நொடி நீடிக்கலாம். ஒரு நொடியில் எத்தனையோ பொருட்களைத் தாண்டி ஓடும் ஒளியால், அந்த நேரத்தில் 9 மைக்ரான் தூரம் மட்டுமே போக முடியும். அது முடியின் தடிமனில் ஒரு சிறு பகுதி.

அந்தத் துடிப்பில் இருக்கும் ஆற்றல் 30 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு மூணு நொடியில் செலவழிக்கும் ஆற்றல்தான் அது. ஆனால் மூணு நொடி வேலையை 30 ஃபெம்டோ நொடிக்குள் அடக்கும்போது, அந்தக் கணத்தில் திறன் ஒரு பெட்டாவாட். அதாவது பத்து கோடி கோடி வாட்.

இப்படிப்பட்ட துடிப்புகளைச் சாத்தியமாக்கியது 1985-ல் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார்ட் மூரூவும் கண்டுபிடித்த ஒரு உத்தி. துடிப்பை முதலில் இழுத்து நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்குவது. இதற்காக இருவருக்கும் 2018-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த லேசர் தகட்டில் பட்டதும் அந்த இடம் பிளாஸ்மாவாக மாறுகிறது. எலக்ட்ரான்கள் ரொம்ப லேசானவை என்பதால் முதலில் அவைதான் ஓட்டம் பிடிக்கும். தகட்டைத் துளைத்து பின்பக்கமாக வெளியே பாயும். எதிர்மின்னூட்டம் கொண்ட அந்தக் கூட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே பயங்கரமான மின்புலம் உருவாகும். தகட்டின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் புரோட்டான்களை அந்த மின்புலம் இழுத்துக்கொண்டு போகும்.

தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஜனங்கள் வடம் பிடித்து முன்னால் போகிறார்கள், கனமான தேர் பின்னால் நகர்கிறது. எலக்ட்ரான்கள் வடம் பிடிக்கும் கூட்டம். புரோட்டான் தேர்.

சரி, உலோகத் தகட்டில் புரோட்டான் எங்கிருந்து வந்தது? சுவாரசியமே இதுதான். எவ்வளவு சுத்தம் செய்தாலும் தகட்டின் மேல் ஈரப்பதமும் எண்ணெய்ப் பிசுக்கும் நானோமீட்டர் கணக்கில் படிந்திருக்கும். அந்த அழுக்கில் இருக்கும் ஹைட்ரஜன்தான் புரோட்டான்களைத் தருகிறது!

சாதாரண முடுக்கியில் பல மீட்டர் தூரத்தில் கிடைக்கும் ஆற்றல், இங்கே மைக்ரான்களில் கிடைத்துவிடுகிறது. இதனால்தான் ‘சின்ன அறைக்குள் பெரிய முடுக்கி’ என்ற கனவு பிறந்தது.

2000-ல் என்ன நடந்தது?

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் உலகின் முதல் பெட்டாவாட் லேசர் இருந்தது. அதைத் தகட்டின் மீது செலுத்தியபோது 58 எம்இவி வரை ஆற்றல் கொண்ட புரோட்டான்கள் வெளிவந்தன. ஒரே ஒரு துடிப்பில் லட்சம் கோடிக்கணக்கான புரோட்டான்கள். அந்த முடிவு 2000-ம் ஆண்டு வெளியானது.

உடனே நம்பிக்கை பிறந்தது. 58-ல் இருந்து 230-க்குப் போவது பெரிய விஷயமா, சில வருஷத்தில் மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் வெளிவந்த கற்றையை உற்றுப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது.

‘ஷேப்’ என்றால் எதைச் சொல்கிறார்கள்?

கற்றையின் வடிவம் என்பதில் மூன்று விஷயங்கள் அடங்கும்.

ஒன்று, திசை. லேசரில் இருந்து வரும் புரோட்டான்கள் நேர்கோட்டில் போகாமல் கூம்பு மாதிரி விரியும். மையக் கோட்டில் இருந்து 20 டிகிரி வரை விலகுவது சாதாரணம். தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிச் சிதறுமோ, அப்படி. ஒரு மீட்டர் தள்ளி நோயாளி படுத்திருந்தால், கட்டி மீது படுவது மிகச் சொற்பம். மீதி எல்லாம் வேண்டாத இடத்தில் விழும்.

இரண்டு, வேகம். எல்லாப் புரோட்டானும் ஒரே ஆற்றலில் வருவது இல்லை. குறைந்த ஆற்றலில் ஏராளம், அதிக ஆற்றலில் கொஞ்சமே கொஞ்சம். ‘58 எம்இவி’ என்று சொன்னது அந்தக் கடைசி சிலரைத்தான்.

காலையில் பொத்தேரி ஸ்டேஷனில் ட்ரெயின் நின்றதும் கல்லூரி மாணவர்கள் இறங்குவதைக் கவனித்தால் இது புரியும். இறங்கும்போது எல்லோரும் ஒரே கும்பல். ஆனால் லேட்டானவர் ஓடுவார், பேசிக்கொண்டே வருபவர் மெதுவாக நடப்பார். கேட்டை அடைவதற்குள் கும்பல் நீண்டு சிதறிவிடும். புரோட்டான் கும்பலும் அப்படித்தான். வேகம் வேறு வேறு என்றால் நிற்கும் ஆழமும் வேறு வேறு. பிராக் உச்சத்தின் கூர்மையே காணாமல் போய்விடும்.

மூன்று, சீர்மை. கற்றையின் குறுக்குவெட்டைப் பார்த்தால், ஒரு இடத்தில் அடர்த்தியாகவும் இன்னொரு இடத்தில் திட்டுத்திட்டாகவும் இருக்கலாம். அதோடு, ஒவ்வொரு துடிப்புக்கும் இது மாறவும் செய்யும். லேசர் கொஞ்சம் மாறினாலோ, தகடு ஒரு மைக்ரான் நகர்ந்தாலோ போதும், அடுத்த கற்றை வேற மாதிரி வரும்.

சிகிச்சையில் கதிர்வீச்சின் அளவு சில சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. அளவு குறைந்தால் கட்டி மறுபடி வளரும். கூடினால் நல்ல திசு கெடும். அதனால், ‘அதிகபட்ச ஆற்றல் இவ்வளவு’ என்ற சாதனைச் செய்தியை விட, ‘வடிவம் எவ்வளவு சீராக இருந்தது’ என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வடிவத்தைக் கட்டுப்படுத்த என்னென்ன வழி?

1. தகட்டையே மாற்றுவது

அச்சு எப்படியோ முறுக்கு அப்படி. புரோட்டான்கள் தகட்டின் பின்பக்கத்துக்குச் செங்குத்தாகக் கிளம்புவதால், அந்தப் பரப்பை வளைத்தால் கற்றையும் வளைந்து குவியும். 2003-ல் லிவர்மோர் விஞ்ஞானிகள் தட்டையான தகட்டுக்குப் பதிலாக அரைக்கோள வடிவ ஓட்டைப் பயன்படுத்தி, புரோட்டான்களை ஒரு சிறு புள்ளியில் குவித்துக் காட்டினார்கள்.

2006-ல் ஜெர்மனியின் ஜெனா பல்கலைக்கழகக் குழு இன்னொரு உத்தியைச் செய்தது. தகட்டின் பின்னால் மைக்ரான் அளவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் புள்ளியை மட்டும் ஒட்டியது. எல்லாப் புரோட்டானும் அந்தச் சின்ன இடத்தில் இருந்தே கிளம்பியதால், எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மின்புலம் கிடைத்தது. வேகத்தில் இருந்த பரவல் குறைந்தது.

2. லேசர் துடிப்பைச் செதுக்குவது

முக்கியத் துடிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னாடியே லேசரில் இருந்து பலவீனமான ஒளி கசியும். அதுவே தகட்டை உருக்கி ஊதிவிட போதும். விருந்துக்கு ஆள் வருவதற்குள் இலையைக் கிழித்துவிட்ட கதைதான். இதைத் தடுக்க ‘பிளாஸ்மா கண்ணாடி’ என்ற உத்தி உள்ளது. பலவீனமான ஒளி கண்ணாடியை ஊடுருவி வெளியே போய்விடும். பலமான துடிப்பு வந்ததும் கண்ணாடியின் பரப்பு பிளாஸ்மாவாகி, ஒளியைப் பிரதிபலித்து தகட்டுக்கு அனுப்பும்.

துடிப்பு நேரத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மாற்றியும் புரோட்டான்களின் ஆற்றலைக் கூட்ட முடியும் என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வுக்கூடம் காட்டியிருக்கிறது.

3. வெளியே வந்த பிறகு பிடிப்பது

தகட்டுக்குப் பின்னால் சக்திவாய்ந்த காந்தச் சுருள்களை வைத்து, விரியும் கற்றையை மறுபடி குவிப்பது இன்னொரு வழி. மின்சாரத்தை ஒரே மூச்சில் பாய்ச்சி, சில கணங்களுக்கு மட்டும் பலமான காந்தப்புலத்தை உருவாக்குவார்கள். இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. குறிப்பிட்ட ஆற்றல் உள்ள புரோட்டான் மட்டுமே குறிப்பிட்ட இடத்தில் குவியும். அங்கே ஒரு துளையை வைத்தால் வேண்டியது மட்டும் உள்ளே போகும், மீதி வெளியே நிற்கும்.

4. லேசரையே லென்ஸாக்குவது

2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு இது. ஒரு சின்ன உலோக உருளையின் நடுவே புரோட்டான்கள் போகும்போது, இரண்டாவது லேசரால் அந்த உருளையை வெளியில் இருந்து அடித்தார்கள். உள்ளே உருவான மின்புலம் எல்லாப் பக்கமும் இருந்து புரோட்டான்களை மையத்தை நோக்கித் தள்ளியது. லேசர் அடிக்கும் நேரத்தை மாற்றினால், எந்த வேகத்தில் வரும் புரோட்டான் குவிய வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்.

2016-ல் பெல்ஃபாஸ்டின் குவீன்ஸ் பல்கலைக்கழகக் குழு இதை இன்னும் எளிதாக்கியது. தகட்டோடு ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஒரு கம்பியை இணைத்தார்கள். லேசர் பட்டதும் தகட்டில் இருந்து மின்துடிப்பு அந்தக் கம்பி வழியாக ஓடும். சுருளின் நடுவே புரோட்டான் போகும் வேகமும், சுருளில் மின்துடிப்பு முன்னேறும் வேகமும் ஒத்துப்போகுமாறு வடிவமைத்தார்கள். விளைவு? கற்றை குவிந்தது, வேகப் பரவல் குறைந்தது, கூடுதல் வேகமும் கிடைத்தது. ஒரே கம்பியில் மூணு வேலை.

5. தகட்டுக்குப் பதில் தண்ணீர்

தகட்டை ஒருமுறை லேசர் அடித்தால் அங்கே ஓட்டை விழும். அடுத்த முறைக்கு நகர்த்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். சிகிச்சை என்றால் ஆயிரக்கணக்கான துடிப்புகள் தேவை. அதனால் தகட்டுக்குப் பதில், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் மெல்லிய தண்ணீர்ப் படலத்தைப் பாயவிட்டுப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுக்கூடமும் பிரிட்டனைச் சேர்ந்த குழுக்களும் சேர்ந்து செய்த இந்தச் சோதனையின் முடிவு, 2025-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியானது. அதில் எதிர்பாராத ஒரு பரிசு கிடைத்தது. தண்ணீரில் இருந்து எழுந்த நீராவி, புரோட்டான் கற்றை விரிவதைத் தானாகவே கட்டுப்படுத்தியது. காந்தம் இல்லாமலே கற்றை ஒடுங்கி வந்தது. துடிப்புக்குத் துடிப்பு சீராகவும் இருந்தது. ஆனால் இதில் புரோட்டான்களின் ஆற்றல் சிகிச்சைக்குத் தேவையானதை விட ரொம்பக் குறைவு.

இப்போது எங்கே நிற்கிறது?

இதுவரை நடந்ததில் மருத்துவத்துக்கு மிக நெருக்கமான மைல்கல் 2022-ல் வந்தது. டிரெஸ்டன் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் காதில் வளர்ந்த கட்டிகள் மீது லேசர் புரோட்டான்களைச் செலுத்தினார்கள். இரண்டு காந்தச் சுருள்களை வைத்து கற்றைக்கு வடிவம் கொடுத்து, சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி முழுவதும் சீரான அளவு விழச் செய்தார்கள். வழக்கமான முடுக்கியில் இருந்து வந்த புரோட்டான்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

அந்தச் சோதனையில் வேகம் சாதனை அளவு இல்லை. ஆனால் ‘சொன்ன இடத்தில், சொன்ன அளவில்’ விழுந்தது. அதனால்தான் அது முக்கியம்.

2018-ல் பிரிட்டனில் 100 எம்இவியை நெருங்கினார்கள். 2024-ல் டிரெஸ்டன் குழுவே 150 எம்இவி வரை எட்டியது. தண்ணீரில் 16 சென்டிமீட்டர் ஆழம் என்பதால் இது பெரிய செய்தியானது. ஆனால் அந்த 150 என்பதும் கற்றையின் உச்ச முனைதான். அந்த ஆற்றலில் போதுமான எண்ணிக்கையில், சீராக, திரும்பத் திரும்ப வர வேண்டும். அந்த வேலை இன்னும் பாக்கி.

இந்தியாவில் இந்த ஆய்வு நடக்கிறதா?

நடக்கிறது. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம், அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அங்கே 150 டெராவாட் திறன் கொண்ட லேசர் உள்ளது. மெல்லிய தகடுகளில் இருந்து புரோட்டான்களை முடுக்கும் சோதனைகள் அங்கே நடந்துள்ளன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் உயர்செறிவு லேசர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இத்துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜி.ரவீந்திர குமாருக்கு 2015-ல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

சிகிச்சை மட்டுமே இந்த ஆய்வின் நோக்கம் இல்லை. அதிவேகமாக நடக்கும் நிகழ்வுகளைப் படம் பிடிக்கவும், பொருட்களை நொடியில் சூடாக்கி ஆராயவும், அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கும் இந்தப் புரோட்டான்கள் பயன்படுகின்றன. அங்கெல்லாம் கற்றை கொஞ்சம் சிதறினாலும் சமாளிக்கலாம். மனித உடம்பில்தான் சமாளிக்க முடியாது.

அப்போ ஆஸ்பத்திரிக்கு எப்போ வரும்?

தேதி சொல்லும் நிலையில் இன்றைக்கு யாரும் இல்லை. ஆனால் என்னென்ன நடந்தால் வரும் என்று தெளிவாகச் சொல்லலாம்.

- ஆழமான கட்டிகளுக்கு 200 எம்இவிக்கு மேல் ஆற்றல் வேண்டும்.
- அந்த ஆற்றலில் வேகப் பரவல் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.
- ஒரு நொடிக்குப் பல துடிப்புகள் வீதம், மணிக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும்.
- ஒவ்வொரு துடிப்பும் முந்தைய துடிப்பைப் போலவே இருக்க வேண்டும். பிசகினால் இயந்திரம் உடனே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும்.
- இத்தனை அடர்த்தியாக ஒரே கணத்தில் விழும் கதிர்வீச்சை அளக்க நம்பகமான கருவி வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. லேசர் வந்தால் கட்டடச் செலவே இருக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். 230 எம்இவி புரோட்டான் எதில் இருந்து வந்தாலும், மோதும் இடத்தில் நியூட்ரான்களை உருவாக்கும். அதைத் தடுக்க தடிமனான கான்கிரீட் சுவர் கட்டியே ஆக வேண்டும். முடுக்கி சுருங்கலாம், சுவர் சுருங்காது.

அதே சமயம் லேசருக்கு ஒரு தனிப் பலமும் இருக்கிறது. மிகக் குறைந்த நேரத்தில் மிக அதிக கதிர்வீச்சைக் கொடுத்தால் நல்ல திசுக்கள் குறைவாகப் பாதிக்கப்படுகின்றன என்று ஆய்வுகள் காட்டி வருகின்றன. இதை ‘ஃபிளாஷ்’ சிகிச்சை என்கிறார்கள். லேசர் புரோட்டான்கள் இயல்பாகவே ஒரே வீச்சில் வருவதால், இதை ஆராய்வதற்குப் பொருத்தமானவை.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியது

‘லேசரில் புற்றுநோய் குணமாகும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகளோடு இந்த ஆய்வைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மருத்துவமனைகளில் இன்று நடக்கும் லேசர் அறுவை சிகிச்சை முற்றிலும் வேறு விஷயம். அதில் புரோட்டானுக்கு வேலையே இல்லை. லேசர் புரோட்டான் சிகிச்சை என்ற பெயரில் யாராவது பணம் கேட்டால், அப்படி ஒரு சிகிச்சை மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது இருக்கும் புரோட்டான் சிகிச்சையும் எல்லாப் புற்றுநோய்க்கும் கட்டாயம் இல்லை. குழந்தைகளுக்கு வரும் கட்டிகள், மூளை, தண்டுவடம், கண் போன்ற நுட்பமான இடங்களில் உள்ள கட்டிகள் ஆகியவற்றில் அதன் பயன் அதிகம். பல புற்றுநோய்களுக்கு நவீன எக்ஸ் கதிர் சிகிச்சையே நல்ல பலன் தருகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் கதிரியக்க சிகிச்சை கிடைக்கிறது.

எது தேவை என்பதை கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புதுசா ஒண்ணு வரும் என்று காத்திருந்து, இன்றைக்குக் கிடைக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

சுருக்கமாகச் சொன்னால்...

லேசரால் புரோட்டானை வேகப்படுத்த முடியும் என்பது 2000-லேயே தெரிந்துவிட்டது. அதை விரியாமல், சிதறாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவழைப்பதற்கான போராட்டம்தான் அதன் பிறகான 25 ஆண்டுகள். வளைந்த தகடு, சுருள் கம்பி, காந்தம், தண்ணீர்ப் படலம் என்று ஒவ்வொரு படியாக ஏறி வருகிறார்கள். எலியின் காதில் சில மில்லிமீட்டர் வரை வந்தாயிற்று.

அடுத்த முறை ‘லேசர் புரோட்டானில் புதிய சாதனை’ என்று செய்தி வந்தால், எத்தனை எம்இவி என்பதோடு நிறுத்த வேண்டாம். எவ்வளவு விரிந்தது, எத்தனை ஒரே வேகத்தில் வந்தன, அடுத்த துடிப்பும் அதே மாதிரி இருந்ததா? இந்த மூணு கேள்விக்கும் நல்ல பதில் வரும் நாளில்தான் தரமணியில் இருக்கும் 220 டன் இயந்திரத்துக்கு உண்மையான போட்டி தொடங்கும்.